எங்க ஏரியாவுக்கு ஒரு ஃபாரின் டூர்!

பெராட்! 'என்ன பாஸ், புதுசா வந்த பரோட்டாவா?'னு கேட்காதீங்க. அது அல்பேனியாவில் இருக்கிற ஒரு ஊர். கிரீஸுக்கு மேலே, கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலியைப் பார்த்தபடி இருக்கிற குட்டி நாடு அல்பேனியா. அங்கே மலைச் சரிவில் அடுக்கி வைத்தது மாதிரி வெள்ளை வெள்ளையாக வீடுகள். வீடு முழுக்க வரிசையாக ஜன்னல்கள். அதனால் 'ஆயிரம் ஜன்னல் நகரம்' என்று செல்லப் பெயர். கீழே ஓசும் ஆறு, மேலே கோட்டை. அதே நாட்டில் ஜிரோகாஸ்டர் என்று இன்னொரு மலைச்சரிவு ஊர். கூரைகூட கல்லால் வேய்ந்த வீடுகள். ஜிரோகாஸ்டர் 2005-லும், பெராட் 2008-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

எனக்குப் பிடித்தது இந்தப் பட்டியல் எல்லாம் இல்லை. பெராட் கோட்டை காலி கோட்டை கிடையாது. இன்னிக்கும் அதற்குள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. சமையல் நடக்குது, குழந்தைங்க ஸ்கூலுக்குப் போகுதுங்க. வாழ்ற ஊரையே உலகம் வந்து வேடிக்கை பார்க்குது!

போயே ஆகணும்னு ஆசைதான். ஆனா, பாஸ்போர்ட் இல்லை. பர்ஸில் நூற்றிருபது ரூபாய். அப்போதுதான் தோன்றியது... பெராட்காரன் ஒருத்தன் முதுகில் பையோடு எங்க ஊருக்கு வந்தா, அவன் எதைப் பார்ப்பான்?

எங்க ஊர் திருவொற்றியூர். காலேஜில் யாராவது 'எந்த ஏரியா?'னு கேட்டு, நான் பதில் சொன்னதும் ஒரு 'ஓ...' வரும். 'ஓ... நார்த் மெட்ராஸா?' அந்த மூணு புள்ளிக்குள்ளே சினிமா ரவுடி, கன்டெய்னர் லாரி, புகைபோக்கி எல்லாம் அடக்கம்.

என் ஹாஸ்டல் நண்பன் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். மூணு வருஷமா சென்னையில் இருக்கான். மெரினாவுக்கு நாற்பது தடவை போயிருப்பான். பாரிமுனையைத் தாண்டி ஒரு தடவைகூட வந்ததில்லை. "மச்சி, ஞாயித்துக்கிழமை ஃபாரின் டூர் போலாமா?"ன்னேன். "எந்த நாடுடா?" "ராயபுரம்!" முறைச்சான். ஆனா, வந்துட்டான். ஒரே ஒரு ரூல்தான். அன்னிக்கு முழுக்க நானும் டூரிஸ்ட். 'எனக்குத் தெரியும்'னு வாயைத் திறக்கக் கூடாது.

முதல் ஸ்டேஷன்

பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தால் அடுத்த ஸ்டாப் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை 1-ம் தேதி பயணிகளை ஏற்றிக்கொண்டு இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. மும்பையிலும் தாணேவிலும் ரயில் இதற்கு முன்பே ஓடியது. ஆனால், அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. ஆக, இந்தத் துணைக்கண்டத்திலேயே மிச்சம் இருக்கிற மூத்த ஸ்டேஷன் கட்டடம் இதுதான். சென்ட்ரல் வந்ததே 1873-ல்தான்.

உயரமான தூண்களை அண்ணாந்து பார்த்துட்டு நண்பன் கேட்டான்: "ஏன்டா, இத்தனை பெரிய மேட்டரை ஒரு வார்த்தை சொல்லலையே நீ?" ரூல் ஞாபகம் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை!

நெருப்பும் படகும்

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பார்ஸிகளின் அக்னிக் கோயில். 1910-ல் கட்டப்பட்டது. இறந்துபோன மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா என்பவர் கட்டினார். தமிழ்நாட்டில் பார்ஸிகளுக்கு இருப்பது இந்த ஒரே கோயில்தான். உள்ளே மற்ற மதத்துக்காரர்களுக்கு அனுமதி இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு நெருப்பை அணையாமல் காத்துவருகிற வாசலை வெளியில் நின்று பார்த்தோம். பக்கத்திலேயே தள்ளுவண்டியில் இட்லி வியாபாரம் ஜோராக நடந்தது.

அடுத்து, புனித ராயப்பர் ஆலயம். பீட்டரைத்தான் தமிழில் ராயப்பர் என்பார்கள். ராயபுரம் என்கிற பெயரே அவரிடம் இருந்து வந்ததுதான் என்கிறார்கள். இதைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் எல்லாம் கடலில் தள்ளித்தான் நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரை சேர்ப்பது மசூலா படகுகளின் வேலை. ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது படகு வளைந்து கொடுக்கும், உடையாது. மெக்கானிக்ஸ் பேப்பரில் ஃப்ளெக்ஸிபிலிட்டி பற்றி எழுதுகிறோமே, அதை அவர்கள் கயிற்றிலேயே எழுதிவிட்டார்கள்!

தெரு எங்கே?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி... எங்களிடம் இருந்த காசுக்கு வாசனை மட்டும் வாங்கிக்கொண்டு வடக்கே நகர்ந்தோம். எண்ணூர் விரைவுச் சாலை. ஒரு பக்கம் குப்பங்கள். இன்னொரு பக்கம் மலை மாதிரி கருங்கல் குவியல். கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். மணலைக் காணோம்.

நான் செல்போனில் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கேட்டார்: "இன்னா கண்ணு, போட்டோ புடிச்சிக்கினு கீறீங்க?"

"சும்மா சுத்திப் பார்க்க வந்தோம் ஆயா."

"இங்க இன்னா கீது, சுத்திப் பாக்க?" என்று சிரித்தவர், தானாகவே எழுந்து கல் மேல் ஏறிக் கையை நீட்டினார். "தோ, அலை ஒடையுது பாரு... அங்கதான் எங்கூடு இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி ஒரு தெரு. அதுக்கும் அப்பால மணலு. ராவுல நாங்கல்லாம் மணல்லதான் படுப்போம்."

நண்பன் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான் சிவில் ஸ்டூடன்ட் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரூலை மீறினேன். நம்ம கரையில் மணல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. அலைகள் சாய்வாக வந்து மோதி அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெற்கே தள்ளும். மற்ற மாதங்களில் வடக்கே. வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் வந்த புயல் அதைப் பிய்த்துப்போட, மறுபடி கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. தெற்குப் பக்கம் மணல் சேரச் சேரக் கடல் விலகியது. அந்த அகலமான மணல்வெளிதான் இன்னிக்கு நாம பார்க்கிற மெரினா. வடக்கே மணல் வரவில்லை. ஆனால், இருக்கிற மணலைக் கொண்டுபோகிற அலை மட்டும் நிற்கவில்லை. ராயபுரத்தில் தொடங்கித் தெருத் தெருவாகக் கரை போனது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கல்லும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும்.

துறைமுகத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது இல்லாமல் இந்த நகரம் இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனால், ஒரே சுவருக்குத் தெற்கே பீச், வடக்கே கல். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

நண்பன் மெதுவாகச் சொன்னான்: "இனி மெரினாவுல சுண்டல் தின்னுட்டு உக்காந்தா, உங்கூரு மேல உக்காந்த மாதிரித்தான்டா இருக்கும்."

கல்வெட்டில் ஓர் இன்ஜினீயர்

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம். கருவறையில் புற்று வடிவ லிங்கம். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசம் இல்லாமல் பார்க்கலாம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் செய்துகொண்டது இங்கேதான். 'உன்னைப் பிரிந்து போக மாட்டேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் பார்வை போனது என்கிறது பெரிய புராணம். ஏரியா பாசத்துக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேணுமா?

சின்ன வயதில் இருந்து இங்கே வந்துகொண்டிருக்கிறேன். டூரிஸ்ட்டாக வந்ததால்தான் விமானத்தை ஒழுங்காகப் பார்த்தேன். பின்பக்கம் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும். ராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது 11-ம் நூற்றாண்டில், கருங்கல்லில் எழுப்பியது. கட்டியவரின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. ரவி என்ற வீரசோழத் தச்சன். ராஜாவின் பெயரோடு இன்ஜினீயரின் பெயரும்! கேம்பஸ் இன்டர்வியூவுக்காகக் காத்திருக்கும் எங்களுக்கு அதைப் பார்க்கையில் லேசாகக் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களா?

கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. ஊருக்குள்ளே, 1950-களில் இருந்து புல்லட் பைக் பிறந்த தொழிற்சாலை. இன்னும் வடக்கே போனால் எண்ணூர் முகத்துவாரம். 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்ட அனல் மின் நிலையம். அதே 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, வாளியில் அள்ளியவர்களில் நம்மைப் போன்ற மாணவர்களும் உண்டு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழைக்குப் பின்னால், மறுபடியும் அதே முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம்.

பெராட்டையும் ஜிரோகாஸ்டரையும் அந்த நாட்டு அரசு 1961-லேயே 'அருங்காட்சியக நகரம்' என்று அறிவித்தது. எங்களுக்கு அப்படி ஒரு போர்டு வைக்கச் சொல்லி நான் மனு போடப்போவதில்லை. எனக்கு உறுத்துவது அந்த ஆயாவின் கேள்விதான். 'இங்க இன்னா கீது?' யாருமே பார்க்க வராத ஊரில் இருக்கிறவங்களுக்கே அப்படித் தோணிடுது. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு தெரு காணாமல் போனாலும், ஆற்றில் எண்ணெய் மிதந்தாலும் ஊருக்குச் சேதி மெதுவாகத்தான் போகுது.

அதனால், மக்களே, வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பீச் ஸ்டேஷனுக்கு வாங்க. திரும்பும்போது விம்கோ நகரில் மெட்ரோ ஏறிக்கலாம், 2021-ல் இருந்து ஓடுது. விசா வேண்டாம். செருப்பு மட்டும் நல்லதாப் போட்டுக்கங்க, கருங்கல் மேல ஏறணும். மதியம் எங்க வீட்டில் சங்கரா மீன் குழம்பு. எத்தனை பேர்னு முன்னாடியே சொல்லிடுங்க... அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை!