கினபாலுவில் சீனி

எங்கள் கிள்ளான் பக்கத்தில் இனிப்பு நீர் என்றால் வயதானவர்களின் நோய். கல்யாண வீட்டில் "எனக்குச் சீனி வேணாம்" என்று தேநீரைத் தள்ளிவைக்கும் பெரியப்பாக்களின் நோய். பதினேழு வயதில் எனக்கு முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தபோது, "அவ்ளோ இனிப்பா சாப்ட்ட?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, லட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். அவர்களையும் குறை சொல்ல முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பெரும்பாலும் இரண்டாம் வகை. அவர்கள் பார்த்துப் பழகியது அதைத்தான்.

கினபாலு ஏறப்போகிறேன் என்றதும் அம்மா, "அங்க மயங்கி விழுந்தா யாரு பாக்குறது?" என்றார். 2006-இல் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஆஸ்திரியர் கெரி விங்க்லர் எவரெஸ்ட்டையே தொட்டுவிட்டார் என்றேன்.

"அவன் வெள்ளக்காரன்."

"நம்மாளுங்க மகேந்திரனும் மோகனதாஸும் 1997-லயே ஏறிட்டாங்களேம்மா."

"அவங்களுக்கு இனிப்பு நீரா?"

பதில் இல்லை. ஆனால் அவர் முதலில் கேட்டது சரியான கேள்வி.

உயரத்தில் பிராணவாயு குறையும்போது தலைவலி, குமட்டல், சோர்வு, தள்ளாட்டம் வரும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். முதலாவதற்கு மேலே ஏறாமல் நிற்க வேண்டும், மோசமானால் இறங்க வேண்டும். இரண்டாவதற்கு உடனே இனிப்பு வேண்டும். உடம்பை நம்பி முடிவெடுக்க முடியாது, விரலைக் குத்தி எண்ணைப் பார்த்தாக வேண்டும். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால் குத்திப் பார்க்கும் புத்தியும் போய்விடும். ஆகவே இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே நண்பனுக்குக் கற்றுக்கொடுத்தேன். நான் சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் 4-க்குக் கீழே என்று அர்த்தம். "நீ எப்பவுமே அப்படித்தானடா," என்றான். பயிற்சிக்குப் பத்துமலையின் 272 படிகளைத் திரும்பத் திரும்ப ஏறினோம். பக்தர்கள் எங்களுக்குப் பெரிய வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

மலையில் முதல் நாள் 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாசலிலிருந்து 3,272 மீட்டரில் உள்ள பானாலாபான்வரை ஏற்றம். ஏறும்போது பெரிய சிக்கல் இல்லை, மணிக்கொருமுறை பேரீச்சம்பழம். ஆபத்து ஓய்வில்தான் இருக்கிறது. நடை நின்ற பிறகும் தசைகள் பல மணி நேரம் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் அன்றைய நீண்டநேர இன்சுலினை மருத்துவர் முன்பே குறைத்திருந்தார். உயரத்தில் பசி வேறு செத்துவிடும், சோறு இறங்கவில்லை. இரவு பதினொன்றரைக்கு அலாரம் வைத்து நண்பன்தான் எழுப்பினான். 3.6. தலையும் வலித்தது. மைலோவில் இரண்டு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தான். கால் மணி நேரம் கழித்து 5.1, கூடவே பிஸ்கட். தலைவலி போனது. போகாமல் இருந்திருந்தால் அங்கிருந்தே திரும்பிவிடுவது என்று முன்பே பேசிவைத்திருந்தோம்.

இரண்டரைக்குக் கிளம்பினோம். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், உருகிய பிறகு பார்த்தால் தெரியாது. அதனால் பேனாவும் மீட்டரும் உள்சட்டைக்குள். அப்படியும் 4,095 மீட்டர் உச்சியில் வெளியே எடுத்ததும் மீட்டர் குளிரில் எண் காட்ட மறுத்தது. அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். விரலிலிருந்து ரத்தம் வரவே இல்லை, நண்பன் கையைத் தேய்த்துவிட்டான். பின்னால் படம் எடுக்க வரிசை, யாரோ அவசரப்படுத்தினார்கள்.

8.2. இறங்கவும் சர்க்கரை செலவாகும். மீதிப் பேரீச்சம்பழத்தைப் பங்குபோட்டோம்.