கண்ணைக் கசக்காதே!

புதுவை தூய இருதய ஆண்டவர் ஆலயத்தில், 2019-ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு திருப்பலியின்போது, பலகையில் எழுதியிருந்த பாடல் எண்ணை எங்கள் மகன் தன் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். அவன் அணிந்திருந்ததோ புதுக் கண்ணாடி. இரண்டாண்டுகளில் அது மூன்றாவது. "விளக்கைப் பார்த்தால் வால் முளைத்தாற்போல் தெரிகிறதப்பா" என்று முன்பே சொல்லியிருந்தான். படிக்க மனமில்லாத பிள்ளையின் சாக்கென்று நாங்கள் தள்ளிவிட்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

மறுவாரமே தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கண்ணின் முன்புறத்தைப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், "கெரட்டோகோனஸ்" என்றார். கருவிழியின்மேல் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கார்னியா, நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது. இந்நோயில் அது மேலும் மெலிந்து, கூம்புபோல் முன்தள்ளுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி வளர்வது. முற்றினால் கார்னியா மாற்று அறுவை தேவைப்படலாம். "பையன் கண்ணைக் கசக்குவானா?" என்று அவர் கேட்டபோது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வாமை அரிப்பால் சிறுவயது முதலே கசக்கியவன் அவன்.

நோயைத் தடுத்து நிறுத்த ஒரு சிகிச்சை உண்டு என்றார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் டாக்டர் தியோ சைலரும் அவர்தம் குழுவினரும் உருவாக்கியது; நோயாளிகளிடம் கண்ட பயனை 2003-இல் வெளியிட்டனர். ரைபோஃபிளேவின் என்னும் பி-2 வைட்டமின் சொட்டுகளில் கார்னியாவை ஊறவைத்து, அதன்மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். உள்ளிருக்கும் கொலாஜன் இழைகளிடையே புதுப் பிணைப்புகள் உண்டாகிக் கார்னியா உறுதிப்படும். மருந்து உட்செல்லும்பொருட்டு மேற்தோலை முதலில் அகற்றவேண்டும்.

"தோலை அகற்றாமல் செய்யலாகாதா?" என்று தாயுள்ளம் பதறிற்று. "அம்முறையும் ஆராயப்படுகிறது, வலி குறைவு. ஆனால் மேற்தோல் மருந்தையும் பிராணவாயுவையும் தடுப்பதால் பலனும் குறையக்கூடும். இவனுக்கோ நோய் விரைந்து வளர்கிறது" என்றார் மருத்துவர். இரவெல்லாம் இருவரும் உறங்கவில்லை. காலையில் மகனே, "மூன்று நாள் வலியை நான் பொறுத்துக்கொள்கிறேன், அம்மா" என்று எங்கள் தயக்கத்தைத் தீர்த்தான்.

ஒரு கண்ணுக்குப் பின் மற்றொன்றாகச் சிகிச்சை நடந்தது. கூச்சமும் எரிச்சலும் மிகுந்த முதல் இரவுகளில், சன்னல்களுக்குப் போர்வை கட்டி, மாறி மாறி அவனருகே அமர்ந்திருந்தோம். சில நாள்களில் மேற்தோல் வளர்ந்து மூடியது. இழந்த பார்வையை இச்சிகிச்சை மீட்டுத் தருவதில்லை. இருப்பதைக் காப்பதே அதன் பணி. கடின லென்ஸ் அணிந்தே இன்றும் படிக்கிறான். ஆயினும் நோய் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்னரே சென்றிருந்தால் இன்னும் நல்ல இடத்தில் நின்றிருக்கும்!

மேற்தோலை அகற்றாத முறையொன்றுக்கு அமெரிக்க அரசு 2025-இல் அனுமதி அளித்ததாக அறிந்து மகிழ்ந்தோம். இனிவரும் பிள்ளைகளுக்கு வலி குறையட்டும். ஆனால் எளிய முறை வரட்டுமென்று நோய் காத்திராது.

பெற்றோரே, பிள்ளை ஓயாது கண்ணைக் கசக்கினால் அரிப்புக்கு மருத்துவம் செய்யுங்கள். கண்ணாடியின் எண் அடிக்கடி மாறினால், கார்னியாவைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தோரையும் காட்டுங்கள். எங்கள் மகளையும் காட்டினோம்; அவள் கண்கள் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை "தெரியவில்லை" என்றால் நம்புங்கள்.