99 கதவுகளும் ஒரு சாவியும்

பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே போகும்போது ஒருமுறை நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய சாலையில் வாருங்கள். சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி நிபோங் திபாலை எட்டுவதற்குள் ஒரு சிறு நகரம் வரும். பழைய கடை வரிசை, ஒரு சந்தை, ஓர் அரசு மருத்துவமனை. கொஞ்சம் அசந்தால் கடந்துவிடுவீர்கள். அதுதான் சுங்கை பாக்காப். 2024 ஜூலையில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலின்போதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரிய வந்தது.

ஆனால் இது பழைய ஊர். 19-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்து, கரும்பில் செல்வம் சேர்த்த கீ லாய் ஹுவாட் உருவாக்கிய ஊர். அவருடைய குடும்பத்தின் பெரிய வீடுகள் அந்தக் காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. இன்னும் கொஞ்சம் தெற்கே, நிபோங் திபால் பக்கம் கலிடோனியா தோட்டத்தில் இன்னொரு மாளிகை இருக்கிறது. ராம்ஸ்டன் என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளிக் குடும்பத்தின் வீடு. ‘99 கதவு மாளிகை’ என்பார்கள். 1948-இல் அந்தக் குடும்பத்து முதலாளி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அது பேய்க் கதைகளுக்குப் பேர்போன இடமாகிவிட்டது.

மாளிகைக்கு 99 கதவு. அதே தோட்டங்களில் கரும்பு வெட்டவும், பிறகு பால்மரம் சீவவும், செம்பனைக் குலை வெட்டவும் வந்த நம்மவர்களுக்கு லயத்தில் ஒரு கதவு. அந்த ஒன்றும் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை நின்றால் வீட்டையும் விட வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபோதும், மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நாடு முழுக்க உண்டு. சேமநிதிப் பணத்தைப் போட்டு, பிள்ளைகள் கடன் எடுத்து, தாமானில் ஒரு சிறு வீடு வாங்கிய நாளில்தான் பலருடைய கைக்கு முதன்முறையாகச் சொந்தச் சாவி வந்தது.

இப்போது அந்தச் சாவிக்குத்தான் புதிய சிக்கல்.

பாலம் வந்தது, பிள்ளைகள் போனார்கள்

2014 மார்ச்சில் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்தது. 24 கிலோமீட்டர் நீளம். அதன் பெருநிலக் கரை பத்து காவான். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் எழுந்து நிற்கின்றன. படித்த இளைஞர்களுக்கு வேலை பக்கத்திலேயே வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆனாலும் பாதிப் பேர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்தான் கார்கள் வந்து நிற்கின்றன.

மற்ற நாட்களில் வீட்டில் இருப்பது அப்பாவோ அம்மாவோ, யாராவது ஒருவர். 2030-இல் மலேசியர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்கிறது அரசாங்கத்தின் கணிப்பு. இந்த ஊர்ச் சந்தையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் 2030 எப்போதோ வந்துவிட்டது போலிருக்கும்.

அங்கே பசியாறிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். முதியோர் இல்லம் என்றதுமே தலையை ஆட்டினார். அவமானத்தால் இல்லை. “வெந்நீர் வைக்கணும்னாக்கூட இன்னொருத்தரைக் கேட்கணும் தம்பி” என்றார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பிள்ளைகள் கவலைப்படுகிறோம். பாட்டியின் கவலை அடுப்பைப் பற்றியது.

இதே கவலையில் இருந்துதான் முதியோர் குடியிருப்புத் துறையின் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்று பிறந்தது. சுங்கை பாக்காப்பிலிருந்து வெகு தொலைவில், அமெரிக்காவில்.

ஒரு மகள் கட்டிய வீடு

கெரன் பிரவுன் வில்சனுக்கு 19 வயது, கல்லூரி மாணவி. அவருடைய தாய் ஜெஸ்ஸிக்கு 55 வயதில் பக்கவாதம் வந்தது. ஒரு பக்க உடல் செயலிழந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க வசதியில்லை. மருத்துவப் பராமரிப்பு இல்லத்தில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. எப்போது எழுவது, என்ன உடுத்துவது, யாரோடு அறையைப் பகிர்வது என்று எல்லாவற்றையும் அங்கே பிறர்தான் முடிவு செய்தார்கள். மகள் பார்க்கப் போகும்போதெல்லாம் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லித் தாய் கேட்பார்.

மகள் முதுமையியல் படித்தார். தன்னைப் போன்றவர்களுக்காக ஏதாவது செய்யக்கூடாதா என்று தாய் ஒருநாள் கேட்டார். என்ன வேண்டும் என்று மகள் கேட்டபோது, தாய் சொன்ன பட்டியலில் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னச் சமையலறையும் குளியலறையும் உள்ள ஓர் இடம். தன் பூனை, தன் வீட்டுத் தளவாடங்கள், காப்பிப் பாத்திரம், விக்ஸ் டப்பா. உள்ளே இருந்து தாழிடக்கூடிய கதவு.

1983-இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் வில்சனும் கணவரும் 112 வீடுகள் கொண்ட ‘பார்க் பிளேஸ்’ குடியிருப்பைத் திறந்தார்கள். அங்கே இருப்பவர் நோயாளி அல்ல, குடியிருப்பவர். கதவுக்குப் பூட்டு உண்டு, சாவி அவரிடம். உதவிக்கு ஆள் 24 மணி நேரமும் உண்டு; ஆனால் உள்ளே வருமுன் கதவைத் தட்ட வேண்டும். அடுப்பும் கத்தியும் முதியவர்கள் கையிலா என்று பலர் பதறினார்கள். மாநில அரசு கண்காணித்தது. 1988-இல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது: குடியிருப்பவர்களின் உடல்நலம் குறையவில்லை, மனச்சோர்வு குறைந்திருந்தது, அரசு உதவி பெறுவோருக்கான செலவு பராமரிப்பு இல்லங்களைவிட 20 விழுக்காடு குறைவு.

பிறகு வில்சனின் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது, பல மாநிலங்களில் கிளை பரப்பியது. அதே வேகத்தில் வேறு பல நிறுவனங்கள் இந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பூட்டையும் அடுப்பையும் விட்டுவிட்டன. கடைசியில் வில்சன் தன் நிறுவனத்தை விட்டு விலகினார். ஈட்டிய பணம் தாயின் பெயரிலான அறக்கட்டளைக்குப் போனது.

நம் வாசலில்

தமிழகத்திலும் இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக 1978-இல் சென்னையில் ‘விஸ்ராந்தி’யைத் தொடங்கினார் சாவித்திரி வைத்தி. கோயம்புத்தூரில், ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீதரன் ‘கோவைகேர்’ நிறுவனத்தை உருவாக்கினார். பொதுச் சமையற்கூடம், வழுக்காத தரை, பிடித்து நடக்கக் கைப்பிடி, அழைப்பு மணி என்று இன்று கோவையில் இத்தகைய குடியிருப்புகள் பல. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் அங்கே வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள்.

ஒன்று ஆதரவற்றவர்களுக்கு, மற்றது வசதி உள்ளவர்களுக்கு. தாமானில் ஒரு சிறு வீடும் கொஞ்சம் சேமநிதியும் மட்டுமே உள்ள நம் தோட்டத்துத் தலைமுறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நம் நாட்டில் 1993-இன் பராமரிப்பு மையங்கள் சட்டம் இருக்கிறது. தாதிமைப் பராமரிப்பு தேவைப்படும் முதியவர்களுக்கான தனியார் இல்லங்களுக்கென 2018-இல் தனிச் சட்டமும் வந்தது. இனி வர வேண்டியது, இந்த நடு வரிசைக்காகக் கணக்குப் போடும் ஒரு தொழில்முனைவர். இங்கே நிலம் தீவைவிட மலிவு. மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. கோயிலும் சந்தையும் பழகிய முகங்களும் நடக்கும் தூரத்தில். நூறு வீடுகள் வேண்டாம், பத்து வீடுகளில் தொடங்கலாம்.

அதுவரை, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஓர் இடம் பார்க்கப் போகும் பிள்ளைகள் உரிமத்தைக் கேளுங்கள், கட்டணத்தைக் கேளுங்கள். கூடவே மூன்று கேள்விகள்: கதவுக்கு உள்தாழ் உண்டா? அவர் விரும்பும் நேரத்தில் ஒரு காப்பி போட்டுக் குடிக்க முடியுமா? வீட்டிலிருந்து சாமி படத்தையும் அந்தப் பழைய நாற்காலியையும் கொண்டு வரலாமா?

சந்தையிலிருந்து அந்தப் பாட்டி வீட்டுக்குக் கிளம்பினார். கைப்பையில் கீரைக் கட்டு. நாலு அடி நடந்தவர் நின்று, சேலைத் தலைப்பின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முடிச்சுக்குள் வீட்டுச் சாவி.