இரைச்சலைப் பிரித்துக் கேட்பவள்

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் இறங்கிக் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் நடந்தால், வல்லூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எந்தத் திருப்பத்திலும் கூடவே வரும். 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள். அதற்கு அப்பால் வட சென்னை அனல்மின் நிலையம். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஏர்ஹார்ன் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே இவ்வளவு சத்தமான இடம் இன்னொன்று இருந்தால் அது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையாகத்தான் இருக்கும். இந்த இரைச்சலுக்கு நடுவில், வசனமே இல்லாத ஒரு குறும்படத்துக்கு ஒலி பதிவுசெய்ய நான்கு பேர் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்கள். அவர்களில் ஒலிப்பதிவு படிக்கும் பெண் இந்த ஊர்க்காரி. அவளைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

படத்தில் வருபவர் இருளர் சமூகத்துப் பெண். நடிகை இல்லை, தினமும் செய்யும் வேலையைத்தான் காமிராவுக்கு முன்னாலும் செய்தார். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிறார். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொள்கிறார். பல் கடித்திருக்கும்போது பேச முடியாது. அதனால்தான் படத்தில் வசனம் இல்லை. வசனம் இல்லாத படத்தில் முழுப் பாரமும் ஒலிப்பதிவாளர் தலையில்.

ஒலிப்பதிவு மாணவி செய்த முதல் காரியம் மைக்கை எடுத்ததல்ல. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கரையில் இங்கும் அங்கும் நடந்தாள். ஐந்தடி தள்ளிப் போவாள், நிற்பாள், திரும்புவாள். "டிரான்ஸ்ஃபார்மர் ஹம் வருது சார்" என்று ஹெட்போனை என் காதில் வைத்தாள். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மற்ற எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஒரே சுருதியில் ஓடும் ஒரு ரீங்காரம் கேட்டது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு அதைப்போல இரண்டு மடங்கில், 100 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் மேல் 200, 300 என்று அடுக்கடுக்காக இன்னும் ஒலிகள். கருவியில் 'லோ கட்' என்றொரு பொத்தான் உண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை மட்டும் குறைக்கும். இந்த ஹம் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நீளமான ஷாட்கன் மைக்கைத் திருப்பிப் பிடித்தாலும், அடித்தொனி எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே வந்துவிடும். கடைசியில் மின் நிலையத்துக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு மண்மேடு வரும்படி இடத்தை மாற்றச் சொன்னாள். ஒளிப்பதிவு மாணவன் வெயில் திசை கெட்டுவிடும் என்று முரண்டுபிடித்தான். ஒரு வாக்குவாதம், கொஞ்சம் விட்டுக்கொடுத்தல், பிறகு இடம் மாறியது. இந்தச் சண்டையைக் கற்றுக்கொடுப்பதுதான் திரைப்படக் கல்லூரி என்று எனக்குத் தோன்றியது. பதினெட்டு இருபது வயதில், காமிராக்காரனிடம் நின்று பேசிச் சத்தத்துக்கு இடம் வாங்குகிற தைரியம் வீட்டில் ஃபோனை வைத்துக்கொண்டு படம் எடுத்தால் வராது.

இறால் பறிக்குள் விழும் சத்தம் தனியாக வேண்டும். காலர் மைக்கை ஒரு பலூனுக்குள் செருகி, வாயை டேப்பால் இறுக்கிச் சுற்றித் தண்ணீருக்குள் இறக்கினாள். விரல்கள் சேற்றைக் கிளறும் ஓசை அதில் வந்தபோது நால்வர் முகத்திலும் வந்த சந்தோஷத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். எல்லாம் முடிந்ததும் "டோன் எடுக்கிறேன், யாரும் அசையாதீங்க" என்றாள். ஒரு நிமிடம் எல்லோரும் சிலை. ஆள் பேசாதபோது அந்த இடம் எப்படி ஒலிக்கிறதோ அதைத் தனியாகப் பதிந்துவைப்பது. ஷாட்டுக்கு ஷாட் பின்னணி ஹம் கூடிக் குறைந்தால் வெட்டிய இடம் பார்ப்பவர் காதில் இடறும்; இந்த ஒரு நிமிடத்தை அடியில் விரித்தால்தான் ஒட்டுத் தெரியாது. அரை நிமிடம் ஆனபோது கும்மிடிப்பூண்டி லோக்கல் ஹார்ன் அடித்தது. மறுபடி முதலிலிருந்து.

அந்த ரயிலில்தான் அவள் அப்பா தினமும் வேலைக்குப் போகிறார். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக உருட்டும் ஆலை. சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது டி.வி. தெருமுனைவரை கேட்டது. நாங்கள் உள்ளே போனதும் மகள் குறைத்தாள்; அவர் மறுபடி கூட்டினார்.

"நைனாவுக்கு 'ச'வும் 'ஸ'வும் சரியா விழாது சார்" என்றாள். இரைச்சலில் வேலை செய்பவர்களின் காது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக இழப்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் மேல்தொனி. 'ச', 'ஸ' போன்ற மெய்யொலிகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் பேச்சு கேட்கும், புரியாது. தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை. அவள் இதையெல்லாம் இரண்டாம் ஆண்டில் பாடமாகப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு வந்து அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். போன காது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாராம் டாக்டர். இப்போது அவர் சட்டைப்பையில் ஒரு ஜோடி நுரை இயர் பிளக் இருக்கிறது. எடுத்துக் காட்டினார்.

"சவுண்டு படிக்க ஒரு காலேஜான்னு முதல்ல நம்பல சார்" என்றார் அவர். "அப்புறம் பேப்பர்ல பார்த்தேன், அங்கயும் கிரேன் விழுந்து ஆள் செத்தாங்கன்னு. எங்க மில்லுலயும் மேல கிரேன்தான். அந்த பயம் வேற."

அவர் சொன்னது 2020 பிப்ரவரி 19 இரவு நடந்தது. பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அதுவும் இதே மாவட்டம். சினிமா என்றால் வெளியே இருப்பவர்களுக்கு நட்சத்திரம். ஆலைத் தொழிலாளிக்கு அது இன்னொரு பணியிடம். மகளை அனுப்புமுன் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒரு தொழிலாளி கேட்கும் கேள்விகள்தான். எத்தனை வருஷப் படிப்பு? முடித்தால் கையில் என்ன காகிதம் தருவார்கள்? ராத்திரி வேலைக்கு வண்டி உண்டா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருப்பதுதான் அரசுக் கல்லூரியின் பலம். 1945-ல் சென்னை மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாக ஆரம்பமான நிறுவனம் அது. புனே திரைப்படக் கல்லூரி வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1960-ல். மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் போல ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்றுக்கொள்ளக்கூடிய கைத்தொழில் என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். இன்று அது செய்தி மக்கள் தொடர்புத் துறையின் கீழ் இருக்கிறது. ஒளிப்பதிவு, எண்மிய இடைநிலை (டிஜிட்டல் இன்டர்மீடியட்), ஒலிப்பதிவு, இயக்கம் மற்றும் திரைக்கதை எழுதுதல், படத்தொகுப்பு, உயிர்ப்பூட்டல் மற்றும் காட்சிப்பயன் (அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ்) என்று நான்கு வருடப் பட்டப்படிப்புகள். பிளஸ் டூ முடித்தவர் விண்ணப்பிக்கலாம்.

சினிமாவைக் கல்லூரியில் படிக்க முடியாது, உதவி இயக்குநராகச் சேர்ந்துதான் கற்க வேண்டும் என்று சொல்பவர்கள் நிறைய. அப்படிக் கற்றுப் பெரிய படங்கள் செய்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழிக்கு என்ன செலவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. சாலிகிராமத்திலோ வடபழனியிலோ அறை வாடகை, பேட்டா வருமா வராதா என்று தெரியாத வருடங்கள், படம் தொடங்கும்வரை காத்திருப்பு, எப்போது முடியும் என்ற தேதியே இல்லாத பயிற்சி. கான்ட்ராக்ட் கூலியில் ஓடும் வீடு அதைத் தாங்காது. பெண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சே எழாது. நான்கு வருடம் என்று முடிவு தெரிந்த படிப்பை மட்டும்தான் அந்த வீடு தாங்கும். திறமைக்காரர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்பதை நான் நம்பவில்லை. வர முடியாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தக் கல்லூரியில் படித்து, அடையாறு மாணவர்கள் என்று சினிமாக்காரர்கள் அழைத்த கூட்டம் தமிழ்ப் படத்துக்குச் செய்ததும் கொஞ்சமல்ல. 1978-ல் 'அவள் அப்படித்தான்' எடுத்த ருத்ரய்யா, ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம், 1986-ல் 'ஊமை விழிகள்' எடுத்த ஆபாவாணனும் அவர் நண்பர்களும் அங்கே படித்தவர்கள். எனக்கு இந்த ஆற்றங்கரையில் அதிகம் நினைவுக்கு வந்தது 1982-ல் வந்த 'ஏழாவது மனிதன்'. சிமென்ட் ஆலை ஊரைக் கெடுப்பதைப் பேசிய படம். இயக்கிய கே.ஹரிஹரன் புனேயில் படித்தவர். நாயகனாக அறிமுகமான ரகுவரன் சென்னைக் கல்லூரியில் நடிப்புப் படித்தவர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. புகைபோக்கிக்குக் கீழே வாழ்பவர்களின் கதையை அன்று வெளியூர்க்காரர்கள் வந்து எடுத்தார்கள். இன்று அந்த ஊரிலேயே பிறந்த பெண் மைக்கோடு நிற்கிறாள் என்பதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அவளுடைய ஒரு நாளையும் எழுதிவிடுகிறேன். விடுதியில் இல்லாத நாட்களில் புதுநகரில் லோக்கல் பிடித்து சென்ட்ரல், அங்கிருந்து சாலையைக் கடந்து பூங்கா நகர் பறக்கும் ரயில், பிறகு தரமணி. சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு எண்ணூரில் லோக்கல் நின்றுவிட்டால் முதல் வகுப்பு போய்விடும். பெட்டியில் உட்கார்ந்து அவள் செய்யும் பயிற்சி ஒன்று: கண்ணை மூடி, எந்த ஸ்டேஷன் என்று காதால் கண்டுபிடிப்பது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் சக்கரத்தின் தாளம் மாறுமாம். சேர்க்கைக்கான நேர்காணலில் இதைத்தான் சொன்னேன் என்றாள்.

பட்டம் கிடைத்ததும் புனேயில் ஒலிப்பதிவு முதுநிலைப் படிப்புக்கு எழுதப்போகிறாள். கூடவே கல்கத்தா சத்யஜித் ரே நிறுவனத்துக்கும். ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டி 1995-ல் புனேயில் படித்து முடித்தவர், 2009-ல் ஆஸ்கர் வாங்கியவர். அவர் படம் இவள் ஃபோனில் முகப்பாக இருக்கிறது. புனேக் கட்டணம் தரமணியைவிடப் பல மடங்கு. எழுத்துத் தேர்வு, அதைத் தாண்டினால் நேர்காணல். உதவித்தொகை எது, வங்கிக் கடன் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். அப்பா அதை வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். முன்பு கேட்ட கேள்விகளை இப்போது கேட்கவில்லை.

பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் வரும் என்று 2024-ல் அரசு அறிவித்திருக்கிறது. வரட்டும். அது திறக்கும்போது மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள் அங்கே தட்டி சுமக்கும் வேலையில் மட்டும் இருக்கக் கூடாது. தரமணிப் படிப்புகள் இந்தப் பள்ளிகளின் பிளஸ் டூ வகுப்பறையில் ஒரு மணி நேரமாவது சொல்லப்பட வேண்டும். இவளுக்கு இப்படியொரு படிப்பு இருப்பதே டீக்கடைப் பேப்பரில் வந்த விளம்பரத்தால்தான் தெரிந்தது.

படப்பிடிப்பில் பூம் கம்பைப் பிடித்திருந்தவன் அவள் சித்தி மகன். பிளஸ் டூ படிக்கிறான். இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, மைக் ஃபிரேமுக்குள் எட்டிப்பார்க்காமல் நிறுத்த வேண்டும். தோள் நடுங்கினால் அந்த நடுக்கமும் பதிவாகும். மதியத்துக்குள் அவனுக்குக் கை மரத்துவிட்டது. கிளம்பும்போது அவன் அவளிடம் கேட்டான்: "அக்கா, காமிராவுக்கு அப்ளை பண்ணணும்னா இப்பவே என்ன பண்ணணும்?"

"பப்ளிக் எக்ஸாமை ஒழுங்கா எழுது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இப்பவே எடுத்து வை, கடைசி நேரத்துல இ-சேவை மையத்துல நிக்காத. தினமும் ஒரே இடத்தை ஒரே நேரத்துல ஃபோன்ல எடு, வெளிச்சம் என்ன மாறுதுன்னு எழுதி வை. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு இங்கயே வா, ரெண்டு ஷாட் பாக்கி இருக்கு."