மாண்ட கருவி மீண்ட கதை

விளையாட்டுக் கருவியைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் நம் இல்லத்துச் சிறுவர்களுக்கு உண்டு. அதனை நாம் கடியோம். நாமும் அவ்வழி வந்தவரே.

2008-ஆம் ஆண்டில் நாம் நாகபுரியில் மாணவராயிருந்தோம். தமையனார் தம் முதற் சம்பளத்தில் ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ என்னும் கைக்கருவியின் பழைய முதல் மாதிரி ஒன்றை வாங்கித் தந்தார். அதன் ஃபர்ம்வேரை, அதாவது கருவியை எழுப்பி நடத்தும் உள்நிரலை, மாற்றி எழுத முற்பட்டோம். எழுதி முடியுமுன்பே பொறுமையிழந்து விசையை அணைத்துவிட்டோம். பிறகு திரை ஒளிரவேயில்லை. தமையனாரிடம் சொல்ல நா எழவில்லை. மூன்று வாரம் பொய் கூறித் திரிந்தோம்.

கடைத்தெருவில் பழுதுபார்ப்பவர் ஒருவர் வழி காட்டினார். அக்கருவியின் பாட்டரிக்குள் ஒரு சிறு சில்லு உண்டு. பாட்டரியின் வரிசை எண் அதில் உறைகிறது. சில்லின் குறித்த ஒரு காலைத் துண்டித்தால் எண்ணைப் படிக்க இயலாது. உடனே கருவி, தான் பழுதுபார்க்கும் நிலையத்தில் இருப்பதாகவே கொள்ளும். தக்கவாறு அமைத்த மெமரி ஸ்டிக்கிலிருந்து புது உள்நிரலை ஏற்கும். 2007-இல் ஆர்வலர்கள் வெளியிட்ட இம்முறைக்குப் ‘பண்டோரா பாட்டரி’ என்று பெயர். பழைய பாட்டரி ஒன்றைப் பலியிட்டோம், கருவி உயிர்பெற்றது.

அதன்பின்னரே தமையனாரிடம் உண்மையுரைத்தோம். “முன்னமே சொல்லியிருந்தால் நானும் உன்னோடு அலைந்திருப்பேனே, தம்பி!” என்றார். அச்சொல் இன்றும் சுடுகிறது.

பெற்றோர்களே! பிள்ளை எதையேனும் கெடுத்துவிட்டு வந்து நின்றால், அவன் வந்து நின்றதை முதலில் மெச்சுங்கள்.