ஆண்டுக்கு ஒரு கிழமை

பழைய மாணவர் மலரிலே எழுதப் புகுவோர் ஆசிரியர்தம் பிரம்பையும், விடுதிச்சாலைப் புட்டையும், துடுப்பாட்டப் போட்டியில் வீழ்ந்த கடைசி விக்கெற்றையும் நினைவுகூர்வது மரபு. அவற்றை என்னிலும் நன்றாக எழுத வல்லார் பலர் இம்மலரிலே எழுதியிருப்பர். ஆதலின் யான் அம்மரபினின்றும் சிறிது விலகி, என் வயதொத்த அன்பர் பலர் வீட்டிலே இக்காலத்தில் எழுகின்ற ஒரு சிறு வழக்கைப் பற்றி எழுதத் துணிந்தேன். விடுமுறை இல்லம் ஒன்றிலே ஆண்டுக்கு ஒரு கிழமைக்கு உரிமை வாங்குவதா, விடுவதா என்பதே அவ்வழக்கு.

ஆங்கிலத்திலே ரைம்ஷெயார் என வழங்கும் இதனை நாம் காலப்பங்கு எனலாம். ஒரு வீட்டை அறையறையாகப் பங்கிடாது, ஆண்டின் ஐம்பத்திரண்டு கிழமைகளாகக் கூறுபோட்டு, கூறு ஒன்றை ஒருவருக்கு விற்பது இதன் இயல்பு. 1960களிலே பிரான்சு, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் அல்ப்ஸ் மலைச்சாரல்களில் இவ்வியாபாரம் தலையெடுத்தது. ஒருவர் தம் கிழமையைப் பிறிதோர் ஊரில் உள்ளவர் கிழமையோடு மாற்றிக்கொள்ள வழிசெய்யும் ஆர்.சி.ஐ. என்னும் நிறுவனம் 1974இல் அமெரிக்காவிலே தோன்றியது. இந்தியாவிலே ஸ்ரேர்லிங் நிறுவனம் 1986இலும், மகிந்திரா நிறுவனம் 1996இலும் இத்தொழிலைத் தொடங்கின. பின்னது இருபத்தைந்து ஆண்டு அங்கத்துவத்தை விற்றுப் பெயர்பெற்றது. ஆண்டின் பருவங்களுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறப்பெயர் சூட்டி, நிறத்துக்கேற்ப விலை வைப்பது அதன் முறை. மே மாதத்திலே சென்னை வெயிலுக்கு அஞ்சிப் பிள்ளைகளோடு மலைநாடு செல்லும் நாற்பது வயதுக் குடும்பத்தலைவருக்கு இஃது ஏற்றதொன்றாகலாம். எழுபத்திரண்டு வயதிலே வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் நான்காம் தளத்தில் இருப்பவனுக்கு ஏற்குமா என்பதே என் வினா.

முதலில் ஒன்று கூறவேண்டும். காலத்தைப் பங்கிடுவது நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து உறுதிகளைப் படித்தோர் அறிவர்: காணியின் பரப்பைக் கூறியபின், கிணற்றிலே பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் கூறப்படும். இறைப்பு முறை இன்னார்க்கு இன்ன நாள் என்று வகுத்து, அதன்படி புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நீர் பாய்ச்சினர் நம் முன்னோர். முறை தவறி ஒருவன் துலாவில் ஏறினால் அடுத்த காலை அது வழக்காகும். சிலவேளை அடிதடியும் ஆகும். ஊர்க்கோயில் மகோற்சவங்களோ இதனிலும் தெளிவான சான்று. பத்து நாளோ இருபத்தைந்து நாளோ நிகழும் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் உளர். ஐந்தாந் திருவிழா இன்ன குடும்பத்தாரது என்றால் அது தந்தைவழி மைந்தர்க்கு இறங்கும். செலவும் கூடவே இறங்கும். விற்க இயலாது, விட்டுவிடவும் மனம் வாராது. ஆண்டுக்கு ஒரு நாள், தலைமுறை தலைமுறையாக! இதைக் காலப்பங்கு என்னாது வேறென்ன என்பது?

யான் அரசாங்க எழுதுவினைஞனாய் முதன்முதற் கொழும்புக்கு வந்தபோது கொட்டாஞ்சேனையிலே ஒரு சமறியில் இருந்தேன். ஆறு பேருக்கு நான்கு கட்டில்கள். தந்திக் கந்தோரிலே இரவுக் கடமை பார்த்த நண்பரொருவர் காலை எட்டு மணிக்கு வந்து என் கட்டிலிலே படுப்பார். மாலையில் அவர் எழுந்து போக யான் அதிலே சாய்வேன். வாடகையும் பாதிப் பாதி. அக்கட்டிலுக்குப் பராமரிப்புக் கட்டணம் ஒன்றும் இருந்ததில்லை, மூட்டைப்பூச்சிக்கு ஊற்றிய மண்ணெண்ணெய் நீங்கலாக.

இனி நம் விடயத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு கொழும்பிலே ஒரு விடுதியில், நிறுவனமொன்று முதியோரைத் தம்பதியராய் வரவேற்று மாலைச் சிற்றுண்டி அளித்தது. பெயர் கூற வேண்டியதில்லை. தனியே வரலாகாது, மனைவியுடனேயே வரவேண்டும் என்பது நிபந்தனை. அதன் உட்கருத்து அங்கே சென்றபின்னரே விளங்கிற்று. 'வீட்டிலே கேட்டுச் சொல்கிறேன்' என்று தப்பும் வழியை முன்கூட்டியே அடைத்துவிடுகின்றனர். நல்ல தமிழ் பேசிய இளைஞர் ஒருவர், 'அங்கிள்', 'அன்ரி' என்று வாய்நிறைய அழைத்து, மலைநாட்டு மாளிகையின் படங்களைக் காட்டினார். யான் அசையவில்லை. அப்பால் அவர் என் மனைவியை நோக்கி, "அன்ரி, பிள்ளைகள் மூன்று பேரோடும் ஒன்றாய் இருந்து கடைசியாய்ச் சாப்பிட்டது எப்போது?" என்று கேட்டார்.

அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, "2011இலே, மகளின் கலியாணத்துக்கு" என்றாள்.

அந்த இளைஞரை யான் குறைகூறேன். வினா நேர்மையானது, விற்பதற்காகக் கேட்கப்பட்டது என்பதே அதன் குறை. ஆயினும் அன்றிரவு வீடு திரும்பியபின் காலப்பங்கின் விலை எமக்குப் பெரிதாகத் தோன்றாது, அந்தப் பதினான்கு ஆண்டுகளே பெரிதாகத் தோன்றின. ஒரு மகன் ரொறன்ரோவில், மகள் இலண்டனில், இளையவன் மெல்பேணில். மூவரும் வருவர், ஒருவர்பின் ஒருவராய், ஒருவர் முகம் ஒருவர் காணாது வருவர். ஆண்டுதோறும் ஒரு வீடு காத்திருந்தால், பணமும் கட்டியாயிற்று என்றால், அதற்காகவேனும் கூடுவார்களே என்பது என் மனைவியின் வாதம். இதனை எதிர்த்து வாதாட வல்ல கணக்கன் எவனும் இலன்.

ஆயினும் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும். உதாரணமாக ஒருவர் முப்பது இலட்சம் ரூபா கொடுத்து ஒரு கிழமையை வாங்குகிறார் எனக் கொள்வோம். அப்பணத்தை நூற்றுக்கு எட்டு வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டால் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் வரும். அதனை இழக்கிறார். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் என்றால், அவர் தங்கும் ஏழு நாளுக்கும் உண்மைச் செலவு மூன்று இலட்சத்து அறுபதாயிரம். அவ்வளவு கொடுப்பவர் எவ்வூரிலும் தாம் விரும்பிய மாதத்திலே வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கலாமன்றோ? அன்றியும் கட்டணம் நிற்பதில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் ஏறினாலே ஒன்பது ஆண்டிலே இரட்டிக்கும். பதினெட்டு ஆண்டிலே நான்கு மடங்காகும். ஓய்வூதியம் அவ்வாறு இரட்டித்ததை யான் கண்டிலேன். இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்திலே யான் கையெழுத்திட்டால் அது முடியும்போது எனக்கு வயது தொண்ணூற்றேழு!

நாணய மாற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். கட்டணம் டொலரிலே கணிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சிறு எழுத்திலே கிடந்தது. 2022 மார்ச் தொடக்கத்திலே டொலருக்கு ஏறத்தாழ இருநூறு ரூபாவாய் இருந்தது, மே மாதத்துள் முந்நூற்றறுபது அளவுக்கு ஏறியதை நாம் மறக்கலாமா? அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்டியது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் காலி வீதியின் இருமருங்கும் வரிசையில் நின்ற நாட்களிலே, மலைநாட்டு மாளிகைக்கு டொலர்க் கட்டணம் கட்டும் கடப்பாடும் தலைமேல் இருந்திருக்குமாயின் நிலை என்னாகும்?

ஒப்பந்தப் பத்திரத்தை நம் கல்லூரியின் பழைய மாணவரான நொத்தாரிசு நண்பரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இருமுறை படித்தபின், "இஃது உறுதி அன்று, அங்கத்துவம்" என்றார். காணியிலே எமக்கு ஒரு குழியும் இல்லை. ஈடு வைக்க முடியாது. நிறுவனம் மறைந்தால் உரிமையும் மறையும். மறையாது நின்றாலோ, எம் காலத்தின்பின் கட்டணம் கட்டும் பொறுப்புப் பிள்ளைகளைச் சாரும் என்று பொருள்படும் வாசகமும் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமை, பங்காளி ஒருவர் தம் பங்கை அந்நியனுக்கு விற்குமுன் ஏனைய பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற முறையை உடையது; 1947இல் அதற்கெனத் தனிச் சட்டமும் செய்யப்பட்டது. பங்கு என்றால் அதனை விரும்பி வாங்கப் பக்கத்திலே ஆள் நிற்பான் என்பதே அம்முறையின் அடிப்படை. காலப்பங்கிலோ பங்காளி ஐம்பத்தொருவரும் முகமறியாதார். அவருட் பலர் தம் பங்கையே விற்க வழிதேடுவோர். மேனாடுகளிலே இத்தொல்லை முற்றியே சட்டங்கள் எழுந்தன. இசுப்பானியா 1998இல் இயற்றிய சட்டத்தால் இவ்வுரிமைக்கு ஐம்பது ஆண்டு எல்லை வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல், வாங்கியவர் மனம் மாறினால் காரணம் கூறாது விலகப் பதினான்கு நாள் தவணை அளித்தது. அத்தவணைக்குள் முற்பணம் பெறுவதையும் தடுத்தது. எமக்கு அளிக்கப்பட்ட தவணையோ, "இச்சலுகை இன்றிரவு மட்டும்" என்பது.

பொதுவிலே பராமரிக்கும் சொத்தின் தன்மையை அறிய யான் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் பயனாய் எம்போன்றோர் அந்தரத்திலே ஒரு வீட்டுக்கு உறுதி முடிக்க முடிந்தது. அதற்கு நன்றி. ஆயின் எமது தொடர்மாடியிலே இருபத்து நான்கு வீடுகளில் ஒன்பது பூட்டியே கிடக்கின்றன. உடையவர் வெளிநாட்டிலே, ஆகஸ்டிலும் டிசெம்பரிலும் கதவு திறக்கும், சமையல் மணக்கும், பிள்ளைகள் ஆங்கிலத்திலே படிக்கட்டில் ஓடுவர், பின் பூட்டு. அவருட் சிலர் மாதாந்தக் கட்டணத்தை ஒழுங்காக அனுப்புவதில்லை. மின்தூக்கி பழுதானால் நான்கு தளமும் ஏறுபவர் இங்குள்ள முதியோரே. ஐம்பத்திரண்டு உடைமையாளர் உள்ள வீட்டின் கூரை ஒழுகினால் யார் ஏறிப் பார்ப்பார் என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் அதற்கு விடை கூறவில்லை. எனினும் அவ்வாதம் அவளைச் சிறிது தொட்டது என்றே கருதுகிறேன்.

முடிவை எய்துவித்தது இவ்வாதங்களுள் எதுவுமன்று, பாடசாலை நாட்காட்டி. மூன்று பிள்ளைகளுக்கும் கேட்டு எழுதினோம். ரொறன்ரோவிலே யூலையும் ஆகஸ்டும் விடுமுறை. இலண்டனிலே யூலைக் கடைசியிலிருந்து ஆறு கிழமை. மெல்பேணிலோ டிசெம்பர் நடுவிலிருந்து சனவரி முடியும் வரை. நுவரெலியாவின் பேர்பெற்ற ஏப்பிரல் வசந்த காலம் இவருள் ஒருவருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. மூவர்க்கும் பொதுவாய்க் கிடைப்பது நத்தாரை அடுத்த இரண்டு கிழமை. அதுவே விலை மிக்க நிறமுடைய கிழமை. விமானச்சீட்டும் அப்போதே உச்சம். மூத்தவன் மறுமொழியிலே, "அப்பா, வீடு எங்களுக்குத் தடையில்லை, லீவும் டிக்கற்றும்தான் தடை. எங்களுக்குப் பிறகு கட்டக் காசு மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்" என்று எழுதினான். கடுமையான சொற்கள்தாம். என் மனைவி அக்கடிதத்தை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவளே பேச்சைத் தொடங்கினாள். "இஞ்சருங்கோ, எங்கட ஏழாந் திருவிழா இந்தமுறை யூலைக் கடைசியிலே வருகுது" என்றாள். அவள் தந்தைவழி உபயம் அது. போர்க்காலத்திலே ஊர் வெறிச்சோடிய ஆண்டுகளில் ஐயர் ஒருவரே விளக்கேற்றி முடித்த திருவிழா. 2014இலே யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபின் நாம் இருவரும் ஆண்டுதோறும் போய் வருகிறோம். பிள்ளைகள் காசு மட்டும் அனுப்புவர். ரொறன்ரோவும் இலண்டனும் அக்காலத்துக்குப் பொருந்தும். மெல்பேண் பொருந்தாது. அவள் அதனை மறைக்கவுமில்லை, அதற்கு வழி கண்டாளுமில்லை. இருவராவது ஒரு பந்தியில் இருக்கட்டும் என்றாள்.

தடை ஒன்று இருந்தது. ஊரிலுள்ள வீடு நால்வர்க்குப் பிரிபடாப் பங்கு. பின்கூரையின் சிலாகைகள் உளுத்துவிட்டன. குளியலறையோ வளவின் மூலையிலே, கிணற்றடியோடு. இலண்டனிலே பிறந்த பேரப்பிள்ளைகள் இரவிலே அங்கே நடவார். நிறுவனத்துக்குக் கொடுக்க எண்ணிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கு இவ்வேலைக்குப் போதும் என்று மேசன் கணக்குச் சொன்னார்; மேசன் கணக்கு ஏறும் என்பது யான் அறிந்ததே. பங்காளிகளுள் என் மைத்துனர் ஒருவர் கனடாவிலிருந்து பாதி தருவதாக ஒப்புக்கொண்டார். மற்றொருவர், வீட்டைப் பிரித்தபின் பார்க்கலாம் என்கிறார். மூன்றாமவர் இன்னும் தொலைபேசியை எடுக்கவில்லை.

நிறுவனத்து இளைஞர் பின்னும் இருமுறை அழைத்தார். இரண்டாம் முறை என் மனைவியே பேசினாள்; அவருடைய தாய்தகப்பன் எவ்விடத்தில் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். வவுனியா என்றாராம், தைப்பொங்கலுக்குப் போகிறீரா என்று கேட்டாளாம், லீவு இல்லை என்றாராம். மகளும் மூத்தவனும் விமானச்சீட்டு எடுத்துவிட்டனர். சிலாகை மாற்றும் வேலை வைகாசி முதற் கிழமையிலே தொடங்குகிறது. அதற்குமுன் யான் ஊருக்குப் போய் மரம் பார்க்கவேண்டும்.