அட்டை சொன்ன ரகசியம்

ஆட்டையாம்பட்டியில முறுக்குக்கு அடுத்து ஃபேமஸ் எங்கப்பாவோட மாருதி 800தான். (ஓவர்தான், விடுங்க!) 2014லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஆனா அம்மாயியை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக எங்களுக்கு வேற வண்டி ஏது? அது பச்சைத் தண்ணியா ஒழுக, "வாட்டர் பம்ப் போச்சு"ன்னார் மெக்கானிக். "வித்துடலாம்"னார் அப்பா.

"ஒரு நாள் பொறுங்கப்பா"ன்னுட்டு, ராத்திரி வண்டிக்கு அடியில அட்டை விரிச்சேன். காலையில பம்ப்புக்குக் கீழே அட்டை காய்ஞ்சு கிடக்கு; ரேடியேட்டரோட கீழ் ஹோஸுக்கு நேரா மட்டும் பச்சை வட்டம். பார்த்தா கிளிப் துருப்பிடிச்சு, ரப்பர் உப்பிப் போயிருந்துச்சு!

மக்களே, இன்ஜின் சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியைத் தொட்டுடாதீங்க. உள்ளே அழுத்தம் இருக்கறதால 100 டிகிரி தாண்டியும் தண்ணி கொதிக்காம இருக்கும். திறந்தா மூஞ்சியிலதான் பீய்ச்சும். நல்லா ஆறின பிறகு பழைய கூலன்ட்டை பேசின்ல பிடிச்சேன். அது தித்திப்பான விஷம். தெரு நாய் நக்கினா கிட்னி காலி.

புது ஹோஸ், புது கிளிப் மாட்டியாச்சு. "போர் தண்ணி ஊத்துடா"ன்னார் அப்பா. டீ பாத்திரத்துலயே வெள்ளையா உப்புப் படிய வைக்கிற தண்ணி அது, ரேடியேட்டர் குழாயை விடுமா? கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊத்தினேன்.

மறுநாள் அட்டையில ஒரு சொட்டு இல்லை. இப்பல்லாம் தினமும் காலையில குனிஞ்சு அட்டையைப் பார்க்கறது அப்பாதான்.